இருபதுக்கு இருபது

ஈராக், போர்க்கைதிகள் முகாம்
9 அக்டோபர் 1983

இறைவனின் பெயரால்.

மதிப்பிற்குரிய தாயார் அவர்களுக்கும் அன்புச் சகோதரி மஹ்லகாவுக்கும் ஸலாம். தங்கள் இருவரின் ஆரோக்கியத்தையும் இறைவனிடம் வேண்டுகிறேன். என் நிலையை விசாரிப்பீர்களானால், இறையருளால் நலம். தங்களைப் பிரிந்திருப்பது தவிர வேறு மனக்குறை இல்லை.

வலது கையில் ஒரு சிறு காயம். ஆதலால் நண்பர் யதுல்லா இதை எழுதித் தருகிறார். அவர் ரஷ்த் நகரில் வங்கி எழுத்தர். உணவு கிடைக்கிறது. கம்பளி கிடைக்கிறது. கவலை வேண்டாம்.

மாமா அவர்களுக்கும் மாமாவின் மகளுக்கும் என் ஸலாமைத் தெரிவிக்கவும். தாயாரின் கைகளில் முத்தமிடுகிறேன்.

தங்கள் கீழ்ப்படிந்த மகன்,
ஷாபூர்

*

ஷிராஸ்
20 டிசம்பர் 1983

இறைவனின் பெயரால்.

என் உயிர்த் தம்பி ஷாபூருக்கு,

உன் கடிதத்தால் எங்கள் கண் வெளிச்சமாயிற்று. ஒரு வருடத்துக்கு மேல் வழிமேல் விழி வைத்துக் கிடந்தோம். தபால்காரருக்கு அம்மா ஒரு தட்டு பேரீச்சம்பழ அல்வாவைக் கொடுத்துவிட்டாள். அந்த மனிதர் எல்லா வீட்டுக்கும் நல்ல சேதி கொண்டுபோகிறவர் போல நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனார்.

நாங்கள் நலம். போரில் ஆபாதானை விட்டு வந்தவர்களுக்குக் கொடுத்த அதே பழைய விடுதியில், அதே இரண்டு அறைகளில் இருக்கிறோம். நான் இப்போது பெண்கள் பள்ளியில் நாலாம் வகுப்பு எடுக்கிறேன். இந்த வாரப் பாடம், நண்பருக்குக் கடிதம் எழுதுவது எப்படி என்பது. தேதி, ஸலாம், நலம் விசாரிப்பு, நம் நலம், சேதி, எல்லோருக்கும் பெயர் சொல்லி ஸலாம், கையெழுத்து. உன் நண்பர் யதுல்லா எழுதியதைக் கரும்பலகையில் எழுதிப்போட்டால் போதும், இருபதுக்கு இருபது. உனக்குக் கட்டுரைப் பாடத்தில் பதினொன்றுக்கு மேல் வந்ததே இல்லை. பட்டாளத்திலிருந்து நீ எழுதிய கடைசிக் கடிதம் நினைவிருக்கிறதா? "காலுறை அனுப்பு. ஷாபூர்." அவ்வளவுதான். ஸலாம்கூட இல்லை. அதை நான் இன்னும் வைத்திருக்கிறேன்.

அம்மா பக்கத்தில் உட்கார்ந்து சொல்வதை அப்படியே எழுதுகிறேன். "வேளைக்குச் சாப்பிடு. கைக்கு எண்ணெய் போடு. ராத்திரி தலையை மூடிக்கிட்டுப் படு. சரியான்னு கேளு. அவன் 'கண்மேல்'னு சொன்னாத்தான் நான் நம்புவேன்." உனக்குத் தெரியும், அம்மாவிடம் 'சரி' என்று சொன்னால் அது பதில் இல்லை, 'கண்மேல்' என்று சொன்னால்தான் பதில். சின்ன வயதில் அந்த ஒரு சொல்லுக்காக எத்தனை அடி வாங்கியிருக்கிறாய்.

மாமாவும் நஸ்தரனும் பூஷேரில் நலம். அவளுக்குத் தொலைபேசி நிலையத்தில் வேலை நிரந்தரமாகிவிட்டது. நீ போட்ட மோதிரம் கையில் இருக்கிறது.

கை ஆறியதும் ஒரே ஒரு வரி உன் கையால் எழுது. கோணலாக இருந்தாலும் பரவாயில்லை. அம்மாவுக்கு எழுத்து படிக்கத் தெரியாவிட்டாலும் உன் எழுத்து தெரியும். யதுல்லாவுக்கும் அம்மாவின் ஸலாம்.

உன் இரு கண்களிலும் முத்தம்.
மஹ்லகா

*

முகாம்
11 பிப்ரவரி 1984

இறைவனின் பெயரால்.

மதிப்பிற்குரிய தாயாருக்கும் சகோதரிக்கும் ஸலாம். கடிதம் கிடைத்து மகிழ்ந்தேன். நான் நலம். தங்களைப் பிரிந்திருப்பது தவிர வேறு மனக்குறை இல்லை.

தாயார் சொன்னபடியே வேளைக்குச் சாப்பிடுகிறேன், தலையை மூடிக்கொண்டு படுக்கிறேன். ஆகட்டும். கை இன்னும் முழுதாக ஆறவில்லை.

ஒரு முக்கியமான விஷயம். மாமாவின் மகள் எனக்காகக் காத்திருக்க வேண்டாம். நான் எப்போது வருவேன் என்பது யாருக்கும் தெரியாது. மோதிரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மாமா சொல்லும் இடத்தில் அவள் வாழட்டும். இது என் சொந்த விருப்பம். யாரும் வருந்த வேண்டாம்.

தாயாரின் கைகளில் முத்தம்.
ஷாபூர்

*

ஷிராஸ்
28 ஏப்ரல் 1984

அன்பு நஸ்தரன்,

ஸலாம். நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். மாமாவின் முதுகுவலி எப்படி இருக்கிறது? உன் நிலையத்தில் நீங்கள் எல்லோரும் எல்லோருடைய பேச்சையும் கேட்பீர்கள் என்பதால் இதைத் தொலைபேசியில் சொல்லவில்லை.

ஷாபூரின் இரண்டாம் கடிதம் வந்திருக்கிறது. சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். மோதிரத்தைத் திருப்பிக் கொடுத்துவிடு என்று அதில் இருக்கிறது. ஒளித்து வைக்கத்தான் நினைத்தேன். ஆனால் மாமா போன வெள்ளிக்கிழமை இங்கே வந்தபோது அம்மா அழுதுகொண்டே உளறிவிட்டாள். மாமா தொடையில் தட்டிக்கொண்டார். "பையனே சொல்லிட்டான், இனி நான் யாருக்கு வாக்குக் கொடுத்தவன்? கைதிக்குக் காத்திருந்து என் பொண்ணு தலை நரைக்கணுமா?" ஐஸ் பாக்டரிக்காரர் வீட்டிலிருந்து உன்னைப் பெண் கேட்கிறார்கள் என்றார். அது உனக்கு முன்பே தெரிந்திருக்கும்.

ஆனால் என்னைத் தூங்கவிடாதது மோதிரம் இல்லை. அந்தக் கடிதம் ஷாபூர் சொல்லி எழுதியதுதானா? ஒரு சிறு காயம் இத்தனை மாதமா ஆறாமல் இருக்கும்? ஒரு வரி எழுதச் சொன்னேன், எழுதவில்லை. அம்மாவுக்கு 'ஆகட்டும்' என்று பதில் வந்திருக்கிறது. வாசித்ததும் அம்மா என் கையிலிருந்து தாளைப் பிடுங்கிவிட்டாள். "என் பிள்ளை எனக்கு 'ஆகட்டும்'னு சொல்லமாட்டான்டி. நகராட்சி ஆபீஸ்லதான் அப்படிச் சொல்லுவாங்க, அப்புறம் ஒண்ணும் ஆகாது."

கைதிகளின் குடும்பங்கள் இப்போது தபால் நிலையத்திலேயே கடிதம் வாங்க நிற்கும் வரிசையில் ஒரு பேச்சு உலவுகிறது. முகாமில் ஒருவன் இறந்துபோனால், தாயின் மனம் உடையக்கூடாது என்று கூட இருப்பவன் அவன் பெயரிலேயே எழுதுவானாம். அந்த வங்கி எழுத்தரின் அழகான கையெழுத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் குளிர் எடுக்கிறது. பயமாக இருக்கிறது நஸ்தரன். அம்மாவிடம் இதைச் சொல்லவில்லை.

நீ என்ன நினைக்கிறாய் என்று எழுது.

மஹ்லகா

*

பூஷேர்
6 மே 1984

மஹ்லகா மதினிக்கு ஸலாம்.

நலம். அப்பாவின் முதுகுவலியும் நலம், ஐஸ் பாக்டரிக்காரர் வந்தால் மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுகிறார்.

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. போட்டவன் கழற்றச் சொன்னால் கழற்றுவதற்கு இது என்ன வாடகை மோதிரமா? பிறகு உங்கள் பயம் என்னையும் பிடித்துக்கொண்டது. இரண்டு நாளாக யார் எந்த எண் கேட்டாலும் தப்பாக இணைத்துக்கொண்டிருக்கிறேன். நேற்று துறைமுக அதிகாரியை மீன் வியாபாரியிடம் சேர்த்துவிட்டேன். இருவரும் வெகுநேரம் சண்டை போட்டார்கள்.

ஒன்று செய்யுங்கள். அடுத்த கடிதத்தில் இதைக் கேளுங்கள்: மோதிரம் போட்டபோது என் காதில் என்ன சொன்னாய்? அது எங்கள் இருவருக்கு மட்டும்தான் தெரியும். பதில் சரியாக வந்தால் உயிரோடு இருக்கிறான். வராவிட்டால் அதற்குப் பிறகு மோதிரத்தைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை.

பதில் வரும்வரை அப்பாவை நான் பார்த்துக்கொள்கிறேன். இதுவரை வந்த கடிதங்களை எனக்கு அனுப்புங்கள். அத்தைக்கு என் முத்தங்கள்.

நஸ்தரன்

*

ஷிராஸ்
15 மே 1984

இறைவனின் பெயரால்.

உயிர்த் தம்பிக்கு ஸலாம். நாங்கள் நலம், உன்னைப் பிரிந்திருப்பது தவிர ஒரு குறையும் இல்லை. நவ்ரூஸ் புத்தாண்டு விரிப்பில் பூண்டுக்கும் ஆப்பிளுக்கும் நடுவே அம்மா உன் படத்தை வைத்தாள். புளியும் கொத்தமல்லித் தழையும் போட்டு மீன் குழம்பு வைத்தாள். அவள் சாப்பிடவில்லை.

மோதிர விஷயம் படித்தேன். நஸ்தரனிடம் சொல்லியாயிற்று. திருப்பிக் கொடுக்குமுன் அவள் ஒன்று கேட்கிறாள். அதைப் போட்டபோது காதில் என்ன சொன்னாய்?

பதில் எழுது. உன் கையால் இல்லாவிட்டாலும் எழுது. உன் கஷ்டமெல்லாம் தனக்கே வரட்டும் என்று அம்மா உன் தலையைச் சுற்றி வருகிறாளாம். யதுல்லா, உங்களுக்கும் வீட்டிலிருந்து கடிதம் வருகிறதா?

உன் கண்களில் முத்தம்.
மஹ்லகா

*

முகாம்
19 ஜூலை 1984

இறைவனின் பெயரால்.

மதிப்பிற்குரிய தாயாருக்கும் சகோதரிக்கும் ஸலாம். தங்கள் கடிதத்தால் எங்கள் ~~க~~ உள்ளம் மகிழ்ந்தது. நான் நலம்.

காதில் சொன்னது: "மோதிரம் பெருசா இருக்கு. உள்ளுக்குள்ள நூல் சுத்திக்கோ. உங்க அப்பாகிட்ட சொல்லிடாதே, என்னையும் சேத்து மாத்திடுவார்." அவள் சிவப்பு நூல் சுற்றினாள். இப்போதும் பெரியதாகத்தான் இருக்கும், அதனால் கழற்றுவது சுலபம். கழற்றச் சொல்லுங்கள். நான் லாரி ஓட்டுகிறவன். திரும்பி வந்தாலும் லாரி ஓட்டப் போவதில்லை. இதற்கு மேல் கேட்க வேண்டாம்.

யதுல்லாவுக்கு வீட்டிலிருந்து கடிதம் வருவதில்லை. தாயாரின் ஸலாமை அவர் இரண்டு முறை வாசித்துக் காட்டினார்.

ஷாபூர்

*

பூஷேர்
2 அக்டோபர் 1984

மஹ்லகா மதினிக்கு ஸலாம்.

நீங்கள் அனுப்பிய மூன்றாவது கடிதமும் கிடைத்தது. அந்தச் சொற்கள் அவனுடையவைதான். நிலையத்தின் கழிப்பறையில் போய் உட்கார்ந்து அழுதுவிட்டு வந்தேன். உயிரோடு இருக்கிறான் என்று அத்தையிடம் சொல்லுங்கள். அத்தை பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது போதும்.

இனி எழுதுவதை நீங்கள் தனியாக இருக்கும்போது படியுங்கள்.

என் வேலை உங்களுக்குத் தெரியும். நாள் முழுக்க முகம் தெரியாதவர்களின் குரலோடுதான் இருக்கிறேன். யார் எதைச் சொல்லாமல் விடுகிறார்கள் என்று எனக்குப் பிடிபட்டுவிடும். பக்கத்து நாற்காலிக்காரியிடம் மூன்று கடிதங்களையும் கொடுத்து உரக்க வாசிக்கச் சொன்னேன். நான் கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். முடித்துவிட்டு அவளே சொன்னாள். "நல்லாத்தான் எழுதியிருக்கான். ஆனா ஏதோ உப்பு இல்லாத மாதிரி இருக்கே."

எது இல்லை என்று எனக்கு அப்போது புரிந்தது. நீங்களும் புரட்டிப் பாருங்கள். நம் ஆட்கள் கண்ணைச் சொல்லாமல் நாலு வரி எழுதுவார்களா? கடிதம் வந்தால் கண் வெளிச்சம், பெரியவர் சொன்னால் கண்மேல், முடிக்கும்போது கண்ணில் முத்தம். மூன்று கடிதத்திலும் ஒரு கண்கூட இல்லை. வங்கியில் உட்கார்ந்து ஆயிரம் கடிதம் எழுதிய ஆள், இருபதுக்கு இருபது வாங்குகிற ஆள், அதை மட்டும் எப்படி மறப்பார்? மறக்கவில்லை மதினி. ஒதுக்கியிருக்கிறார்.

மூன்றாவது கடிதத்தில் அடிக்கப்பட்ட அந்த எழுத்தைப் பாருங்கள். 'எங்கள்' என்று எழுதி 'க' என்று தொடங்கி அடித்திருக்கிறார். தணிக்கைக்காரர் அடித்திருந்தால் கறுப்பு மை. இது அவருடைய அதே நீலப் பேனா. பழக்கத்தில் கை அந்தச் சொல்லுக்குப் போய்விட்டது, உடனே இழுத்துக்கொண்டிருக்கிறார்.

கையில் காயம் இல்லை. ஷாபூருக்குக் கண் போய்விட்டது.

அதனால்தான் ஒரு வரி எழுதவில்லை. அதனால்தான் லாரி ஓட்டப் போவதில்லை. 'கண்மேல்' என்று அவனால் சொல்ல முடியவில்லை, அத்தையிடம் பொய்யாகவும் சொல்ல மனம் வரவில்லை. உங்கள் நாலாம் வகுப்புப் பாடத்தில், நலமில்லாதவன் எப்படிக் கடிதம் எழுதுவது என்று எங்காவது இருக்கிறதா?

அப்பாவிடம் சொல்லிவிட்டேன். அவர் இடிந்துபோய் உட்கார்ந்துவிட்டார். "கண்ணு தெரியாதவனுக்குக் கட்டிக் கொடுத்துட்டு நான் எப்படிம்மா கண்ணை மூடுவேன்?" என்றார். "நான் ஆளுங்களைப் பாத்தா பழகறேன்? காதாலதான் பழகறேன். எனக்கு ஒண்ணும் குறையாது" என்றேன். எழுந்து வாசல்வரை போய்த் திரும்பி வந்தார். பிறகு சொன்னார். "அவனே வேண்டாங்கறான். வேண்டாங்கறவன் வாசல்ல போய் நிக்கிற அளவுக்கு நாம கெட்டுப் போகலை. அவன் வேணும்னு அவன் கையால எழுதட்டும், நான் வாயைத் திறக்கமாட்டேன். நவ்ரூஸ் வரைக்கும் பாப்போம். அதுக்கப்புறம் ஐஸ் பாக்டரிக்காரங்களுக்குப் பதில் சொல்லணும்."

கண் தெரியாதவனைக் கையால் எழுதச் சொல்கிறார். ஆனாலும் அவர் சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது. என் ஆசையை மட்டும் வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

இந்த முறை நான் எழுதுகிறேன். கைதிக்குக் குடும்பத்தார் மட்டும்தான் எழுதலாமாம், மாமா மகளும் குடும்பம்தானே.

நஸ்தரன்

*

பூஷேர்
4 அக்டோபர் 1984

இறைவனின் பெயரால்.

மதிப்பிற்குரிய யதுல்லா அண்ணனுக்கு ஸலாம். உங்கள் நலத்தை வேண்டுகிறேன். இந்தக் கடிதத்தை உரக்க வாசியுங்கள். எந்தச் சொல்லையும் தாண்டிப் போகாதீர்கள், அவனுக்காக எதையும் மாற்றாதீர்கள்.

ஷாபூர், உன் கடிதத்தால் என் கண் வெளிச்சமாயிற்று. கண் என்றுதான் எழுதியிருக்கிறேன், அண்ணன் சரியாகத்தான் வாசித்தார். எனக்குத் தெரியும். யாரும் வந்து சொல்லவில்லை. உங்கள் மூன்று கடிதத்திலும் அந்தச் சொல் இல்லாததால் தெரிந்துகொண்டேன். இரண்டு ஆண்கள் சேர்ந்து ஒரு சொல்லை ஒளித்து வைக்கத் தெரியவில்லை.

அழுதேன். உனக்கு வலித்திருக்கும் என்று நினைத்து அழுதேன். அந்த நேரத்தில் யார் பக்கத்தில் இருந்தார்கள் என்று தெரியாமல் அழுதேன். அதோடு முடிந்தது. இனி உன்னோடு சண்டைதான்.

எனக்காக நீ ஏன் முடிவு செய்தாய்? மோதிரம் பெரியது என்று சொன்னவன் நீ, நூல் சுற்றியவள் நான். அந்த நூல் நைந்துபோய் இரண்டு முறை மாற்றிச் சுற்றிவிட்டேன். இப்போது சோப்புப் போட்டாலும் கழலாது. லாரி போனால் போகட்டும். நீ ஓட்டும்போது பக்கத்தில் உட்கார்ந்து உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தவள் நான், எனக்கு அதில் பெரிய நஷ்டமில்லை.

இரக்கப்பட்டு எழுதுகிறேன் என்று நினைக்காதே. இரக்கப்பட்டிருந்தால் மரியாதையாக எழுதியிருப்பேன்.

அப்பா உன் கையெழுத்தில் பதில் கேட்கிறார். நவ்ரூஸுக்குள் வேண்டும். நீ மறுபடி வேண்டாம் என்றால் அவரைத் தடுக்க என்னிடம் ஒன்றும் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். நான் சொல்வது இதுதான்: நீ வா, நான் இருக்கிறேன். இதற்கு 'ஆகட்டும்' என்று எழுதினால் ஏற்கமாட்டேன். 'சரி' என்றாலும் ஏற்கமாட்டேன். நானும் உன் அம்மாவைப் போலத்தான்.

உன் இரு கண்களிலும் முத்தம். அவை எப்படி இருந்தாலும்.

நஸ்தரன்

*

ஷிராஸ்
9 மார்ச் 1985

அன்பு நஸ்தரன்,

ஸலாம். இன்றும் வரிசையில் நின்றேன். ஒன்றுமில்லை. முன்னால் நின்றவளுக்கு மூன்று கடிதம் வந்தது. எனக்கு அவள்மேல் வந்த பொறாமையை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. உன் கடிதம் போய்ச் சேர்ந்ததா, நடுவில் யாராவது மறைத்துவிட்டார்களா, இல்லை அவன் மறுபடி வீம்பு பிடிக்கிறானா, ஒன்றும் தெரியவில்லை.

அம்மாவிடம் கண்ணைப் பற்றிச் சொல்லிவிட்டேன். கத்துவாள் என்று பயந்து கதவைச் சாத்திவிட்டுச் சொன்னேன். கத்தவில்லை. "எனக்கு அந்த 'ஆகட்டும்' வந்த அன்னிக்கே தெரியும்டி. நீ தாங்கமாட்டேன்னுதான் சொல்லலை" என்றாள். ஒரு வருடமாக நான் அவளை ஏமாற்றிக்கொண்டிருப்பதாக நினைத்திருந்தேன்.

நவ்ரூஸுக்கு இன்னும் பன்னிரண்டு நாள், மாமா இங்கேதான் வருகிறாராம். வந்தால் ஐஸ் பாக்டரிக்காரர்களோடு பேசி முடித்துவிட்டுத்தான் போவேன் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். அம்மா அவரிடம் பேசமாட்டேன் என்கிறாள். கூடப் பிறந்தவனிடம் வாழ்க்கையில் முதல்முறை. நீ அவர்கூட வா. தனியாக இருக்காதே.

மஹ்லகா

*

முகாம்
27 டிசம்பர் 1984
(ஷிராஸ் தபால் முத்திரை: 17 மார்ச் 1985)

இறைவனின் பெயரால்.

மதிப்பிற்குரிய தாயார், சகோதரி மஹ்லகா, மதிப்பிற்குரிய நஸ்தரன் அவர்களுக்கு,

ஸலாம். இந்த முறை நான், யதுல்லா, என் பெயரிலேயே எழுதுகிறேன். நஸ்தரன் அவர்களின் கடிதத்தை ஒரு சொல்லும் விடாமல் வாசித்தேன். கண் என்று வந்த இடத்தில் வாசிப்பதை நிறுத்திவிட்டேன். அவர் "வாசிங்க, வாசிங்க, அவ இன்னும் திட்டி முடிக்கலை" என்றார். பிறகு பல நாள் என்னிடம்கூடப் பேசவில்லை. நானாக ஏதாவது எழுதி அனுப்பட்டுமா என்று கேட்டதற்கு, "நீங்க போதுமான அளவு எழுதிட்டீங்க" என்றார். அவர் சொன்னது நியாயம்தான்.

நேற்று பேனாவைக் கேட்டார். எத்தனையோ தாளைக் கிழித்துப் பழகினார். நான் அவர் கையைப் பிடிக்கவில்லை, தாள் நழுவாமல் ஓரத்தை மட்டும் பிடித்துக்கொண்டேன். கீழே அவர் எழுதியதில் கோடுகளை விட்டு எழுத்து இறங்கிப் போயிருக்கிறது, பொறுத்துக்கொள்ளவும். மாமா அவர்களிடம் காட்டவும்.

கண்மேல்.
ஷாபூர்